நிறத்துக்கு எடுக்கும் சேலை

"உந்த நிறம் இவளுக்கு எடுக்காது."

மகளின் எழுத்துக்குச் சேலை எடுக்கவென்று ஒரு சனிக்கிழமை ஹவுன்ஸ்லோவிலிருந்து 120ஆம் இலக்க பஸ்ஸில் சவுத்தோலுக்குப் போயிருந்தோம். கடைக்காரர் ஆறேழு சேலைகளை விரித்துப் போட்டிருந்தார். மகள் மாம்பழ மஞ்சளில் ஒன்றைத் தொட்டாள். அப்பொழுதுதான் என் மனைவி மேற்சொன்னதைச் சொன்னார். கடைக்காரர் பஞ்சாபி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்தே விசயத்தைப் புரிந்துகொண்டு, மஞ்சளை மடித்து வைத்துவிட்டு இளநீலமும் சாம்பலும் கலந்த ஒன்றை எடுத்து நீட்டினார். மொழி வேறானாலும் இந்த விடயத்தில் நாம் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம் போலும்.

'எடுக்காது' என்ற சொல்லை நான் அன்றுவரை இலக்கணக் கண்கொண்டு பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் நிறம்தான் எழுவாய். அது ஒருவரை எடுத்துக் காட்டும், அல்லது எடுத்துக் காட்டாது விடும். உடுப்பவருக்கு இதில் வேலையில்லை. சிவலை, பொதுநிறம், கறுவல் என்று மூன்றாக மனிதரைப் பிரித்து, அவரவர்க்கு எடுக்கும் நிறங்களின் பட்டியல் ஒன்றை எங்கள் தாய்மார் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, அதற்கு வயது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு காலத்தில் வரலாறு படிப்பித்தவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. இப்போது விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நிற்கிறேன்.

முதலில் பழைய இலக்கியத்தைப் பார்ப்போம். சங்க அகப்பாடல்களில் தலைவியின் நிறத்தைச் சொல்லும் சொல் 'மாமை'. உரைகாரர்கள் இதற்கு மாந்தளிரை உவமை காட்டுவார்கள். தலைவியை 'மாயோள்' என்றே, அதாவது கரிய நிறத்தவள் என்றே, அழைக்கும் பாடல்கள் பல. அவளுக்குப் பிரிவினால் வரும் நோய் பசலை. மாமையை அழித்துக்கொண்டு உடலில் படரும் வெளிறல் அது. ஆக, அந்தப் பாடல்களில் கருமை நலம், வெளிறல் நோய். இன்று கடைகளில் குழாய்களில் அடைத்து விற்கப்படுவது அந்த நோய்தான். இதை வைத்துக்கொண்டு, பழந்தமிழர் நிறபேதம் அறியாதவர் என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. புறநானூற்றில் 'இழிசினன்' என்ற சொல்லும் இருக்கிறது. நிறத்தில் பேதம் பார்க்காத சமூகம் வேறொன்றில் பார்த்தது, அவ்வளவே.

அந்த வேறொன்று உடையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு அண்மைய வரலாற்றிலேயே ஆதாரம் உண்டு. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு போராடினார்கள். 1810களில் ஆங்கில ரெசிடென்டாக இருந்த கேணல் மன்றோவின் காலத்தில் மதம் மாறிய பெண்களுக்குக் குப்பாயம் என்ற சட்டை அணிய அனுமதி கிடைத்தது. 1829இல் அரசு மீண்டும் ஒரு பிரகடனம் விடுத்தது: குப்பாயம் அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை போடக்கூடாது. 1858இலும் 1859இலும் சந்தைகளில் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. சென்னை ஆளுநர் ட்ரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 யூலை 26ஆம் திகதி வந்த பிரகடனம் மார்பை மறைக்கும் உரிமையை எல்லா நாடார் பெண்களுக்கும் கொடுத்தது. ஆனால் அதிலும் ஒரு வால் இருந்தது: எப்படியும் மறைத்துக்கொள்ளுங்கள், உயர்சாதிப் பெண்கள் உடுக்கும் விதத்தில் மட்டும் வேண்டாம்.

அரசு இங்கே கவலைப்பட்டது உடலைப் பற்றியல்ல. துணி இருக்கலாம், அதன் பாணிதான் இருக்கக்கூடாது. 'உனக்கு இந்தப் பாணி பொருந்தாது' என்று ஒரு மன்னர் அரச முத்திரையோடு சொன்ன ஆவணமாகவே நான் அதை வாசிக்கிறேன்.

யாழ்ப்பாணத்தவர்கள் இதைத் திருவிதாங்கூரின் விவகாரம் என்று தள்ளிவிட்டுப் போவதுண்டு. எங்கள் ஊர்களில் பிரகடனம் தேவைப்படவில்லை, வழக்கமே போதுமாயிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் சட்டை போடக்கூடாது, குறுக்குக்கட்டுடன்தான் நிற்கவேண்டும். ஆண்கள் வேட்டியை முழங்காலுக்குக் கீழே விடக்கூடாது, சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டிலும் வெகுதூரம் இது நடந்தது. 1929இல் பள்ளிக்கூடங்களில் சமஆசனம் என்று உத்தரவு வந்ததும் சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதையே பொறுக்காத சமூகம், ஒரே விதமாக உடுப்பதை எப்படிப் பொறுத்திருக்கும்? 1905இல் ஆனந்த குமாரசாமி 'இரவல் இறகுகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பிரசுரம் எழுதி, ஐரோப்பிய உடைமேல் மோகம் கொண்ட இலங்கையரைச் சாடினார். நல்ல பிரசுரம்தான். ஆனால் சுதேச உடைக்குத் திரும்புங்கள் என்ற அழைப்பு, அந்தச் சுதேச உடையை உடுக்க அனுமதி இல்லாதவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

பழைய ஒழுங்கில் நிறம் என்பதும் இவ்வாறே முன்கூட்டித் தீர்க்கப்பட்ட ஒன்று. கல்யாணத்துக்குக் கூறை. மாயவரத்தை அடுத்த கூறைநாட்டின் பெயரைச் சுமந்து வந்த அந்தச் சேலை சிவப்பு அல்லது அரக்கு. மணப்பெண் சிவலையோ கறுவலோ, குள்ளமோ நெட்டையோ, எவரும் கேட்பதில்லை. தாலி ஏறும்போது அவள் அதைத்தான் உடுத்திருப்பாள். கணவன் இறந்தால் வெள்ளை. அங்கும் எவரும் கேட்பதில்லை. 'நீ யார்' என்பதற்கு ஒரு நிறம் இருந்தது, 'உன் தோல் என்ன நிறம்' என்பதற்கு இருக்கவில்லை. இதில் ஏக்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் தொழிற்சாலையிலும் இதே ஒழுங்குதான்: தொழிலாளிக்கு நீல அங்கி, மேற்பார்வையாளருக்கு வெள்ளை அங்கி. நீலம் எனக்கு எடுக்குமா என்று என்னை எவரும் கேட்டதில்லை. கழிவறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எடுக்கவில்லை.

அப்படியானால் தோலுக்கு ஏற்ற நிறம் என்ற எண்ணம் எப்போது வந்தது? மனிதர் நிறத்தைத் தெரிந்தெடுக்க முடிந்தபோதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு நிறம் மலிய வேண்டியிருந்தது. அது மலிந்த இடம் நான் இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

1856இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், கிழக்கு இலண்டனில் தன் வீட்டில், மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றான். கொயினா வரவில்லை, ஒரு கரிய கழிவு வந்தது. அதை மதுசாரத்தில் கரைத்தபோது ஊதா நிறம் எழுந்தது. அடுத்த ஆண்டில் தகப்பனின் பணத்தோடும் தமையனின் உதவியோடும் கிறீன்ஃபோர்டில், கால்வாய்க் கரையோரம், தொழிற்சாலை தொடங்கினான். 1858இல் விக்ரோறியா மகாராணி தன் மகளின் கல்யாணத்துக்கு அந்த ஊதாவின் சாயலில் உடுத்தார். கால்வாய்த் தண்ணீர் அந்தந்தக் கிழமை காய்ச்சும் சாயத்தின் நிறத்துக்கு மாறும் என்று ஒரு கதை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்றேன். தண்ணீர் சேற்று நிறம், இரண்டு வாத்துகள்.

எங்களுக்கு அந்த ஊதாவைவிட முக்கியமானது பெர்கின் பின்னர் செய்த சிவப்பு. இந்தியக் கரையிலும் மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலிலும் வளரும் இம்பூறல் என்ற சிறு பூண்டின் வேர்தான் சாயவேர். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளுக்கும், நாம் சீத்தை என்று சொல்லும் துணிக்கும் சிவப்பைக் கொடுத்தது அது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கில ஆட்சியின் தொடக்கத்திலும் இந்த வேர் அரசின் தனியுரிமைப் பொருள். அதைக் கிண்டுவதற்கென்றே வேர்க்குத்திகள் என்று அழைக்கப்பட்ட ஒரு மக்கட்பிரிவினர் இருந்தனர், சாதி அடுக்கின் அடித்தட்டில். அந்த வேரிலே இருக்கும் சிவப்புப் பொருளின் பெயர் அலிசரின். ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் அதுவே. 1868இல் ஜேர்மனியர் இருவர் அதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினர். 1869இல் அதைப் பெருமளவில் செய்யும் முறைக்குப் பெர்கின் உரிமம் கேட்டார். ஜேர்மனியர் அதற்கு ஒரு நாள் முந்திக் கேட்டிருந்தனர். 1871இல் கிறீன்ஃபோர்டிலிருந்து வெளியேறிய அலிசரின் 220 தொன். மணலைக் கிண்டும் எந்த வேர்க்குத்தியும் இதனோடு போட்டிபோட முடியாது. 1897இல் ஜேர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரியின் கதையும் முடிந்தது.

ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எந்த நிறமும் எவரும் வாங்கக்கூடியதாயிற்று. சட்டத்தாலோ வழக்கத்தாலோ தடுக்கப்பட்டவர்களும், தடை விலக விலக, வாங்கத் தொடங்கினார்கள். இதைத் தொடர்ந்துதான், என் கணிப்பில், 'உனக்கு அனுமதியில்லை' என்பதன் இடத்தில் 'உனக்கு எடுக்காது' வந்து அமர்ந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டென்று என்னால் நிறுவ முடியாது. கால ஒழுங்கு என்னை அப்படி நினைக்கத் தூண்டுகிறது. மறுப்பவர்கள் எழுதட்டும்.

தோலுக்கும் துணிக்கும் உள்ள உறவை விஞ்ஞானமாக முதலில் எழுதியவர்களில் ஒருவர் பிரான்சின் செவ்ரோல். பாரிசில் கோபலன் என்ற அரச திரைச்சீலை நெசவுசாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர். கறுப்பு நூல் போதிய கறுப்பாயில்லை என்று முறைப்பாடு வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் சாரம் இதுதான்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள் தம் வேறுபாட்டைப் பெருப்பித்துக் காட்டும். அதே சாம்பல் நிறத் துண்டு வெள்ளைமேல் கருமையாயும் கறுப்புமேல் வெளிச்சமாயும் தெரியும். இந்த விதியை உடைக்கும் பொருத்தி, பொன்முடிப் பெண்ணுக்கு என்ன, கருமுடிப் பெண்ணுக்கு என்ன என்று எழுதினார். செம்பு நிறத்தோருக்கும் கருநிறத்தோருக்கும்கூடச் சில பந்திகள் உண்டு. ஆனால் முதல் அக்கறை வெள்ளைக் கன்னத்தில் ரோசா நிறத்தை எப்படிக் கூட்டுவது என்பதில்தான்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தாய்மாரின் பட்டியலைப் பாருங்கள். கறுவல் பெட்டை அழுத்தமான நிறம் உடுக்கக்கூடாது, வெளிர் நிறம்தான் உடுக்கவேண்டும் என்பது அதன் முதல் விதி. நோக்கம் அவளை வெளிச்சமாகக் காட்டுவது. செவ்ரோலின்படி நடப்பது நேர்மாறு: வெளிர் துணிக்குப் பக்கத்தில் கரிய முகம் மேலும் கருமையாகும், அழுத்தமான துணிக்குப் பக்கத்தில் வெளிச்சமாகும். நூறாண்டுகளாக நாம் எம் பெண்களுக்குச் சொல்லிவந்த அறிவுரை, அதன் சொந்த நோக்கத்துக்கே எதிராக வேலை செய்திருக்கிறது. அப்படியானால் பட்டியலின் உண்மையான வேலை என்ன? அவள் மற்றவர் கண்ணில் படாதிருப்பது. அதில் அது தோற்கவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். 1993இல் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். கிளாலிக் கடலால் வரும் சாமானுக்குக் கடைகளில் நெருப்பு விலை. நான் அப்போதுதான் விரிவுரையாளரானவன். முதற் சம்பளக் காசில் சேலை எடுக்கப் போனோம். அவள் மாம்பழ மஞ்சளைக் கேட்டாள். "உது உனக்கு எடுக்காதடி" என்று சொன்னது அம்மா அல்ல, நான். வெளிர் சாம்பலில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் பின்னேரம் வருவதாகச் சொல்லி இருட்டிய பிறகு வந்தார்கள். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சாம்பல் சேலை அழுக்கு வேட்டிபோல் ஆகிவிட்டது. அவளுடைய முகம் அதற்குமேல் நிழலாய் இருந்தது. விளக்கின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும்தான் உயிரோடு நிற்கும், நீலமும் சாம்பலும் சாகும் என்பதைப் பகலில் கடையில் நின்ற வரலாற்று விரிவுரையாளர் யோசிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் பொருந்தவில்லை. சேலைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். சீதனப் பேச்சும் இருந்தது. ஆனால் அவள் அந்தச் சேலையை மறுபடி உடுத்தவேயில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே தென்மராட்சிக்கு நடந்தபோது, அலுமாரியோடு அதுவும் நின்றுவிட்டது. அதைப் பற்றி இன்றுவரை அவள் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

மேற்கில் இந்தக் கலை வேறு வழியால் வளர்ந்தது. பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படிப்பித்த யொஹான்னஸ் இட்டன், மாணவர்கள் தம் தோல், முடி நிறங்களோடு உறவுள்ள நிறங்களையே விரும்பித் தெரிகிறார்கள் என்று அவதானித்தார். அதைத் தழுவி, 1980இல் கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண் எழுதிய 'கலர் மீ பியூட்டிபுல்' என்ற நூல் பெருவாரியாக விற்றது. மனிதர் நான்கு பருவங்கள்: வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். வெள்ளையர் நான்கிலும் பரந்திருக்க, கறுப்பர்களையும் ஆசியர்களையும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள், குளிர்காலத்துக்குள், போட்டுவிட்டார். ஹவுன்ஸ்லோவில் சனவரி மாதம் விடிய ஐந்து மணிக்கு பஸ்ஸுக்கு நிற்கும் என்னைப் போன்றவர்கள் இந்த முடிவை மறுப்பது கஷ்டம். ஆனால் தமிழ்ப் பெண்களின் தோலிலே மட்டும் எத்தனை மாந்தளிர், எத்தனை பனங்காய், எத்தனை புளியங்கொட்டை! இத்தனைக்கும் ஒரே பருவம் என்பது பார்க்க மறுத்தவரின் கணக்கு. எங்கள் மூன்று பெட்டிகளும் அதைவிடத் திறமானவை அல்ல.

உடல்வாகு பற்றிய விதிகளுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். தடித்தவர் குறுக்குக் கோடு போடக்கூடாது என்பது தமிழருக்கும் ஆங்கிலேயருக்கும் பொதுவான வேதவாக்கு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மன் பௌதிகவியலாளர் 1860களிலேயே, குறுக்குக் கோடிட்ட சதுரம் நெடுங்கோடிட்ட சதுரத்தைவிட உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்று காட்டி, பெண்களின் உடுப்புகளையே உதாரணமும் சொன்னார். யோர்க் பல்கலைக்கழகத்தில் பீற்றர் தொம்சன் 2008இல் வெளிப்படுத்திய பரிசோதனைகளும் பெண்களின் படங்களை வைத்து அதையே சொல்லின. ஆனால் என் மச்சாள் இன்றும் குறுக்குக் கோட்டுச் சேலையைத் தொடமாட்டார். ஒரு பௌதிகவியலாளரால் ஆகாத காரியம் என்னால் ஆகுமா?

1975இல் இந்தியாவில் சந்தைக்கு வந்த ஃபெயர் அன்ட் லவ்லி என்ற களிம்பைப் பற்றி இங்கே அதிகம் எழுதத் தேவையில்லை; பலரும் எழுதிவிட்டார்கள். 2020இல் அதன் பெயரிலிருந்து 'ஃபெயர்' எடுக்கப்பட்டது. தோலின் நிறத்தை மாற்றும் களிம்பும் தோலை மறைக்கும் சேலையும் ஒரே அலுமாரியில் ஒரே காரணத்துக்காக இருப்பவை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். களிம்பைக் கண்டித்துக் கூட்டம் போடும் எம்மவர், மகளுக்குச் சேலை எடுக்கும்போது அதே வேலையைக் கையால் செய்கிறார்கள். மனமகள் பகுதியில் 'சிவந்த' என்று விளம்பரம் கொடுப்பவர்களில் முற்போக்காளர்களும் உண்டு, பெயர் வேண்டாம்.

சவுத்தோல் கடையில் நான் இவ்வளவையும் பேசவில்லை. மனைவி சொன்னதைக் கேட்டபோது தொண்டையில் ஏதோ அடைத்தது. முப்பது வருடத்துக்கு முந்திய என் குரலே அது. "அந்த மஞ்சளைத் திரும்ப எடுங்கோ" என்று மட்டும் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மகள் அதைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கடையில் குழல்விளக்கு, எல்லாவற்றையும் பச்சை தட்டச் செய்யும் வெளிச்சம். அவள் திருப்தியில்லாமல் சேலையோடு வாசலைத் தாண்டி நடைபாதைக்கே போய்விட்டாள். கடைக்காரர் பதறிப் பின்னால் ஓடினார். வெளியே அரைகுறை வெயில். போகிற வருகிற சனங்களுக்கு நடுவில் நின்று, முந்தானையைக் கன்னத்தோடு பிடித்து, தொலைபேசியில் தன்னையே படம் எடுத்தாள். மனைவி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "வெளியிலை பார்க்க வேறை மாதிரித்தான் கிடக்கு" என்றார். அதற்குமேல் அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, அத்தைக்கு அனுப்பட்டா?" என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்லமுன் படம் கிளிநொச்சிக்குப் போய்விட்டது. அன்று இரவு வேலைக்கு வெளிக்கிடும்போது தங்கை தொலைபேசி எடுத்தாள். விலையைக் கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கரை என்ன நிறம் அண்ணை? படத்திலை வடிவாத் தெரியேல்லை."

"அரக்கு" என்றேன்.